ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு லிங்க்

லிங்க் தயாரிப்பது என்றால், இணைய முகவரியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைத்து, ஆளுக்கு ஏற்ற எண்ணை அதில் நிரப்பி அனுப்புவது. கேட்பவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. பட்டவர்களுக்குத்தான் தெரியும், இதே புரோகிராம் வேலை பார்க்கும் உங்களுக்கும் எனக்கும்.

மலைமேல் பள்ளிவாசல் என்ற தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து, கல்யாணமாகிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தவள் நான். இங்கே மாட்டு ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டரம்மாவுக்காக இந்த வேலையை எடுத்துக்கொண்டேன். அவர் ஊசி போட்டதும், மாட்டின் காதில் இருக்கும் மஞ்சள் அடையாள வில்லையின் எண் முகவரியில் சேர்ந்து, மாட்டுக்காரரின் போனுக்கு மெசேஜாகப் போகும். தொட்டால் அந்த மாட்டின் படம், போட்ட ஊசி, சினை விவரம் எல்லாம் வரவேண்டும்.

முதல் நாள்

நாற்பது பேருக்கு லிங்க் போனது. ஒருவருக்கும் திறக்கவில்லை. என் மேசையில் மட்டும் அழகாகத் திறந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது: எல்லா லிங்கிலும் ஆஸ்பத்திரியின் முகவரிக்குப் பதில் என் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் பெயர் ஏறியிருந்தது; அது வேறு எந்தப் போனிலும் திறக்காது. அன்றைக்கு அது தெரியாமல், "இங்கே வருதே டாக்டர்" என்றேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "அப்ப நாப்பது பேரையும் உங்க ஊட்டுக்கு அனுப்பி வெக்கட்டுமா?" என்றார்.

லட்சுமி

வில்லை எண் பன்னிரண்டு இலக்கம். அதைவிட மாட்டின் பெயரையே லிங்கில் வைத்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கு ஓர் ஆசை. வைத்தேன். இந்த வட்டாரத்தில் பாதி மாட்டுக்கு லட்சுமி என்றுதான் பெயர் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வண்ணாமடைப் பக்கம் பொன்னுத்தாயி அக்கா ஒரு லட்சுமி வைத்திருந்தார். மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. நான்காவது ஊசி போட்டுக் காத்திருந்தவர் லிங்கைத் தொட்டதும் 'ஐந்து மாதச் சினை' என்று வந்திருக்கிறது. ஓடிப்போய் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டார். திரும்பி வந்து நிதானமாகப் படத்தைப் பார்த்தபோதுதான் அது வேறு யாரோ வீட்டு லட்சுமி என்று தெரிந்திருக்கிறது. போனில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அக்கா சொன்னார்: "பரவால்லீங்க. அந்த லட்சுமியாவது நல்லபடியா கன்னு போடட்டும்."

இங்கே

மறுபடி எண்ணுக்கே திரும்பினேன். அதிலும் ஓரிடத்தில் 'மாட்டு எண்' என்றும் இன்னோரிடத்தில் 'வில்லை எண்' என்றும் பெயர் வைத்துவிட்டேன். எனக்கு இரண்டும் ஒன்று, மெஷினுக்கு வேறு வேறு. லிங்க் உருவாகவே இல்லை. மெசேஜ் மட்டும் போய்விட்டது: 'உங்கள் மாட்டின் விவரம் இங்கே:'

செவலை என்ற பசுவை வைத்திருந்த ஆறுச்சாமி அண்ணன் உடனே கூப்பிட்டார். "ஏனுங் அம்மிணி, இங்கேன்னு போட்டிருக்கு, எங்கேன்னு போடலீங்களே?"

செவலை

அந்தச் செவலை மழைக்காலத்தில் வயிறு உப்பிச் செத்துப்போனது. டாக்டரம்மா போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. வழக்கம்போல அதன் பதிவை நான் நீக்கினேன்.

பத்து நாள் கழித்து ஆறுச்சாமி அண்ணன் மொபெட்டில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். போனை நீட்டினார். பழைய லிங்கைத் தொட்டிருக்கிறார். திரையில், எப்போதோ ஒரு மத்தியானம் யோசிக்காமல் நான் எழுதிவைத்த வரி: 'இப்படி ஒரு மாடு இல்லை.'

"செத்தது எனக்குத் தெரியுமுங்க. ஆனா இப்பிடி ஒண்ணு இல்லவே இல்லைங்குதே" என்றார்.

செவலைக்கு என்று அவரிடம் இருந்தது அந்தப் பக்கத்திலிருந்த படம் ஒன்றுதானாம். டாக்டரம்மா வில்லை மாட்டும்போது எடுத்தது. உட்காரச் சொல்லிவிட்டு, சேமித்துவைத்த பிரதியைத் தேடி எடுத்தேன். நீக்கியதைத் திரும்பச் சேர்த்தேன். இறந்த மாட்டின் பக்கமும் இனி மூடாதபடி மாற்றினேன். அந்த வரியையும் அழித்தேன். முக்கால் மணி நேரமாயிற்று. கொடுத்த டீ ஆறிப்போயிருந்தது, அவர் தொடவில்லை.

லிங்க் திறந்தது. அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் போனைத் திருப்பிக் காட்டினார்.

"காதப் பாருங் அம்மிணி. நாங் கூப்புட்டா இப்பிடித்தான் திருப்பும்."

லிங்கெல்லாம் முதல் நாளே ஒழுங்காக வேலை செய்திருந்தால், இந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரிந்திருக்காது.