கண்ணாடி மேஜையின் சாவி

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அப்படி அடைத்ததால் ஒருமுறை திருடி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர் எப்படிப் போனது என்பதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

தூத்துக்குடியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நான் அட்டெண்டர். மாடியில் பருவ இதழ்ப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. கட்டடக்கலைத் துறை இருப்பதால் வீடுகள், கட்டடங்கள், உள் அலங்காரம் பற்றிய பத்திரிகைகள் பல நாடுகளிலிருந்து வரும். வருட முடிவில் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டு, அலமாரியில் ஏற்றுவோம். எல்லாம் கனமான வழுவழுப்புத் தாள். எங்கள் ஊர்க் காற்று அந்தத் தாளுக்கு ஆகாது. மழை மாதங்களில் ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரித்தால் ஒரு வீட்டின் கூரை எதிர்ப் பக்கத்து வீட்டோடு உரிந்து போய்விடும். அதனால் ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு தொகுதியாக எடுத்து மின்விசிறிக்குக் கீழே விரித்து வைப்பேன். துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் கரித்தூள் வேறு படியும். அதையும் துடைக்க வேண்டும்.

அப்படி விரித்து வைத்தபோதுதான் ஒரு தொகுதியில் ஒரு தாள் இல்லாததைப் பார்த்தேன். யாரோ பிளேடால் அறுத்திருந்தார்கள். தையலை ஒட்டிக் கட்டைவிரல் அகலத்துக்கு ஓரம் மட்டும் நின்றது. அந்த ஓரத்தில் படத்தின் மிச்சம் இருந்தது. செங்கல் சுவர், அதில் வட்டமான திறப்பு ஒன்றின் கால்வாசி, கீழே கருங்கல் படிகளின் நுனி.

தொகுதியைத் தூக்கிக்கொண்டு நூலகர் மேடத்தின் அறைக்கு ஓடினேன். அங்கே கட்டடக்கலைப் பேராசிரியர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேடம் பார்த்துவிட்டு அவரிடம் காட்டினார். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இவங்க பொண்ணு ஸ்கூல்ல படிக்குல்லா மேடம்? பிள்ளைக்குச் சார்ட்ல ஒட்டப் படம் தேவைப்பட்டிருக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, கேட்டிருந்தா நானே பழைய புக்கு ஒண்ணு தந்திருப்பேன்லா?"

என் மகள் சார்ட் ஒட்டுவது உண்மைதான். அதற்குப் பழைய காலண்டர்களைத்தான் வெட்டுவாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் மேடம்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதுவே அவர்களுக்குப் பதிலாகப் போய்விட்டது.

என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை. நன்கொடையாக வரும் பழைய புத்தகங்களைப் பிரித்து, தூசி தட்டி, அடுக்கும் வேலை. மாடிப் பிரிவின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வாசல் கவுண்டரில் இருக்கும் அக்கா, போகும்போதும் வரும்போதும் என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"ஏளா, எடுக்கலன்னா எடுக்கலன்னு சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"சத்தமே வரலக்கா."

"எல்லாரும் பேக்கைத் தூக்கிக் காட்டிட்டுப் போறாவ. உன்னைய மட்டும் திறந்து காட்டச் சொல்லச் சொல்லியிருக்காவ, தெரியுமா? நான் செய்ய மாட்டேன், போ."

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனாலும் எப்படியோ மகளுக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு அவள் படம் வெட்டி ஒட்டுவதை விட்டுவிட்டாள். எதுவானாலும் பென்சிலால் வரைந்துகொண்டுதான் போவாள்.

அடுத்த வருடம் அந்தப் பேராசிரியர் கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். நூலகத்தில் எல்லோருக்கும் அழைப்பு. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காம்பவுண்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது நிமிர்ந்தேன். செங்கல் சுவர். வட்டமான திறப்பு. கருங்கல் படி. ஒரு வருடமாகத் தூங்கப் போகும்போதெல்லாம் அந்த ஓரத்தைத்தான் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதன் மீதியும் எதிரே நின்றது.

பேராசிரியர் பட்டு வேட்டியில் விருந்தாளிகளைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். "இந்த கான்செப்ட் முழுக்க நம்மளுது. இப்படி ஒண்ண எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க."

"சுவத்துல இம்புட்டுப் பெரிய ஓட்டை எதுக்காம்? பூனை போகவா?" என்று அக்கா என் காதில் சொன்னாள். "ஏன் முழிச்சிட்டு நிக்க? வா, பந்தி போட்டாச்சு."

கோபத்தில் சாப்பிடாமல் திரும்புகிற ஆள் இல்லை நான். உட்கார்ந்து சாப்பிட்டேன், பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். உப்புக்காற்று இந்த ஜன்னல் கம்பிகளை அரிக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு வருடக்கணக்கில் ஆகும், அவ்வளவு நாள் என்னால் பொறுக்க முடியாது என்றும் நினைத்தேன்.

மேடத்திடம் போய்ச் சொல்லலாம்தான். கட்டைவிரல் அகல ஓரத்தை வைத்துக்கொண்டு ஒரு பேராசிரியர் வீட்டை யார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்? அதுவும் நான் சொல்லி. எனக்கு முழுப் படம் வேண்டும். அந்த இதழின் இன்னொரு பிரதி வேண்டும். அதற்குப் பிறகு நன்கொடை மூட்டை எது வந்தாலும் முதலில் அதைத்தான் தேடினேன். தற்செயலாகக் கிடைத்தது என்று எழுதினால் அது பொய்.

சாகுபுரம் ரசாயன ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் காலமான பின், அவர் மனைவி அவருடைய பத்திரிகைகளை அரிசிச் சாக்குகளில் கட்டி அனுப்பியிருந்தார். கடைசிச் சாக்கில் அந்த இதழ் இருந்தது. பக்கங்கள் லேசாக ஒட்டியிருந்தன. விசிறியைக் குறைத்து வைத்து, சாயங்காலம் வரை காத்திருந்து, மெதுவாகப் பிரித்தேன். வீடு முழுசாக இருந்தது. கீழே வேறு ஏதோ நாட்டின் பெயரும், அதைக் கட்டிய வேறு ஒருவர் பெயரும் இருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அன்றே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். மேடத்தின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாகப் பேசி முடித்திருப்பார்கள். எனக்கு அது வேண்டாம். என்னைத் திருடி என்றது கதவு திறந்திருந்தபோதுதான்.

எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலாண்டு மாணவர்கள் சேர்ந்து வகுப்பு தொடங்கியதும் ஒரு நாள் அழைத்துவந்து காட்டுவார்கள். அந்தந்தத் துறைப் பேராசிரியரே கூட வருவார். புதிதாக வந்த நன்கொடைகளைக் கண்ணாடி மூடிய நீள மேஜையில் விரித்து வைத்துப் பூட்டுவோம். அதற்கு முந்தின நாள் மேடத்தின் அறைக்குப் போனேன்.

"நன்கொடை மேஜைய இந்தத் தடவ நான் அடுக்கட்டுமா மேடம்?"

"தாராளமா அடுக்குங்க. இதுக்கா இவ்வளவு தயங்கி நின்னீங்க?"

பொறியாளரின் இதழை அந்தப் பக்கம் தெரிய விரித்தேன். மாடியிலிருந்து அறுபட்ட தொகுதியை வாங்கிவந்து, அந்த ஓரம் தெரியப் பக்கத்திலேயே விரித்தேன். கண்ணாடியைப் பூட்டிச் சாவியை மணிபர்சில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பேராசிரியர் மாணவர்களோடு வந்தார். மேடமும் கூட வந்தார். நான் மேஜை ஓரமாக நின்றேன். பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். ஒரு பெண் நிமிர்ந்து, "சார், கிளாஸ்ல காட்டுனீங்களே, உங்க வீடு! இதுல வந்திருக்கு சார்" என்றாள். அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

"ஆனா இதுல வேற யாரோ பேருல்லா போட்டிருக்கு" என்றான் இன்னொருவன். நாலைந்து பேர் போனை எடுத்தார்கள்.

பேராசிரியர் இதழைப் பார்த்தார். பிறகு தொகுதியைப் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் நின்று பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை.

"இத எதுக்கு இங்கன வச்சிருக்கு? சாவி எங்கம்மா?"

"என்ட்டதான் இருக்கு சார்" என்றேன். தொண்டை அடைக்கவில்லை. பர்சைத் திறக்கவும் இல்லை.

மேடம் கண்ணாடிமேல் விரலை வைத்து ஓரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வட்டம் சரியா இருக்குல்லா சார்?" என்றார்.

"ரெஃபரன்ஸுக்கு... ஸ்கேன் பண்ணக் குடுத்ததுல... எங்கயோ..."

"சார்ட் ஒட்டவா சார்?" என்று கேட்டேன். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது, மேடத்துக்கும் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை.

அவர் மாணவர்களை விட்டுவிட்டு வெளியே போனார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் தோன்றவில்லை. சாயங்காலம் வாசலில் அக்கா, "ஏளா, பேக்கைத் திறந்து காட்டு, என்ன கொண்டு போறன்னு பாப்போம்" என்றாள். திறந்து காட்டினேன். சாவி இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த நாள் அவர் வழக்கம்போல வகுப்பெடுத்தார். என்னை மாடிக்கே திரும்ப மாற்றினார்கள். அலமாரிகளில் கரித்தூள் படிந்திருந்தது. துடைத்தேன்.