சிவனம்மாள் மதினியின் மெட்டி

பீடி குடித்தவன் என் அண்ணன் ஈஸ்வரன். நெஞ்சு கெட்டுப்போனதோ என் மதினி சிவனம்மாளுக்கு. இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல!

மதினி கல்யாணமாகி வந்ததிலிருந்து திண்டுக்கல்லுக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் நெல் அவித்தாள். உமி எரிகிற அடுப்பு. அங்கே புகை கூரை வரைக்கும் நிற்கும். அத்தனை வருடப் புகையும் அவளுக்குள்ளேதான் போயிருக்கிறது. அறுபதைத் தாண்டியதும் இளைப்பு வந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கி வருவதற்குள் வாசல்படியில் உட்கார்ந்துவிடுவாள். மல்லாந்து படுக்க முடியாது. சுவரில் சாய்ந்தபடியேதான் தூக்கம். அப்போதும் அண்ணனுக்கு நேரத்துக்குச் சோறும் வெஞ்சனமும் வந்துவிடும். அவனும் மகராசன் மாதிரி உட்கார்ந்து தின்பான்.

போன ஐப்பசியில் அவளுக்குக் கால் வீங்கியது.

"ரொம்ப நேரம் நின்னா வீங்கத்தான செய்யும் கருப்பம்மா? இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா?" என்று மழுப்பினாள். சேலையைப் பாதம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள்.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. எதிர்வீட்டு நாகஜோதி ஆபரேஷனுக்காக மெட்டியைக் கழற்றினாள்; அந்த மாதமே அவள் புருஷன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் தன் மெட்டியையும் கழற்றச் சொல்வார்கள் என்று பயந்துதான் மதினி வீக்கத்தை ஒளித்திருக்கிறாள். பைத்தியக்காரி.

ஒரு நாள் காலையில் அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. பேச்சு வரவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் அவள் காலை விரலால் அமுக்கினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"நுரையீரல் கெட்டுப்போனதால இதயத்துக்குச் சுமை கூடிருச்சு. அதான் கால்ல நீர் கோத்திருக்கு. முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்று கடிந்துகொண்டார்.

ஆக்சிஜன் மாஸ்க் மாட்டினார்கள். நர்ஸ் ஷைனி சேலையை விலக்கிப் பார்த்தாள். மெட்டி சதைக்குள் புதைந்து, விரல் கறுத்திருந்தது.

"இப்பவே வெட்டி எடுக்கணும் பாட்டிம்மா. இல்லைன்னா விரலையே எடுக்க வேண்டி வரும்."

மதினி காலை இழுத்துக்கொண்டாள். "விரல... எடுத்துக்கம்மா. மெட்டியத்... தொடாத."

நான் அண்ணனிடம் திரும்பினேன். "சொல்லுண்ணே! நீ சொன்னாத்தான் கேக்கும்."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்ணே, உனக்கும் உசுருப் பயமா?"

"பயமாத்தான் இருக்கு தாயி" என்றான். விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

ஓடிப்போய்விட்டான் என்றே நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்த நேரத்தில் திரும்பி வந்தான், கண் சிவந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மதினியின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"வெட்டும்மா" என்றான் ஷைனியிடம். மதினியிடம், "நான் போட்டதுதானடி. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றான்.

முடிகிற வரைக்கும் மதினி கண்ணைத் திறக்கவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர் மட்டும் வழிந்தது.

நீர் இறங்க ஊசி போட்டார்கள். மத்தியானம் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணயர்ந்தான். மதினியையும் தூங்கச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன். திரும்பி வந்தால், அவள் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது.

"என்ன மதினி இது!" என்று பதறி ஓடினேன்.

சத்தம் போடாதே என்று தலையசைத்தாள். அவளுடைய புறங்கை அண்ணனின் மூக்குக்குக் கீழே இருந்தது. அவனுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.