ஏழால் பெருக்கக் கூடாத எண்

எங்கள் சித்தப்பா பியூசியில் கணக்கைத் தவிர மற்ற எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டவர். மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கடல். ஈரமணலைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நான் நாலாம் வகுப்பு படித்தபோது ஒரு சாயங்காலம் என்னை உட்காரவைத்து, 142857 என்று குச்சியால் எழுதினார்.

"இதான் நம்ம வூடு. முன்னால நிக்கிற ஒண்ணு தாத்தா. நாலு உங்கப்பா, ரெண்டு அம்மா, எட்டு நானு, அஞ்சு அக்கா. கடைசியா கீறது நீ."

மூன்றால் பெருக்கச் சொன்னார். 428571 வந்தது. தாத்தா வரிசையின் கடைசிக்குப் போயிருந்தார். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு ஓரிடம் முன்னால் நகர்ந்திருந்தோம். ஐந்தால் பெருக்கினால் 714285, நானே முதல் ஆள். ஆறு வரை எதனால் பெருக்கினாலும் நாங்கள் ஆறு பேரும் வரிசை கலையாமல் சுற்றிச் சுற்றி வந்தோம். மணலுக்கு அடியிலிருந்து யாரோ எங்களை நகர்த்துவதுபோல் இருந்தது.

"ஒருத்தரும் காணாம பூட மாட்டாங்க, எடந்தான் மாறும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "இப்ப ஏயால பெருக்கு" என்றார்.

999999. எங்களில் ஒருவரையும் காணோம். ஒரே முகம் ஆறு தடவை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. வீட்டுக்கு ஏழாவது ஆள் வரப்போகிறது என்பதைப் பற்றிப் பெரியவர்கள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அம்மாவின் வயிற்றைப் பார்க்கவே பயந்தேன். சித்தப்பாவிடம் சொன்னேன். "போடி லூசு" என்று சிரித்தார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று காலையில் தாத்தா அவனை மடியில் வாங்கிக் கொஞ்சினார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. வீடே அலறியது. நான் மட்டும் விரல் மடக்கி எண்ணினேன். ஆறு பேர்தான். அப்பாடா என்று இருந்தது.

தீட்டு கழிந்ததும் குழந்தைக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். மாமனார் பெயரை அம்மா வாயால் சொல்ல மாட்டாள். அதனால் தொட்டிலுக்குள் குனிந்து, "எங்க மாமா எயுந்துகினாரா? பால் குடிக்கிறாரா?" என்று மரியாதையாகக் கொஞ்சினாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ எங்களை மூன்றால் பெருக்கியிருக்கிறார்கள்.

அலமாரியிலிருந்த தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து, அதன் காதுக் கம்பியைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் இறுக மூடிக்கொண்டன. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை.

"சித்தப்பா, தாத்தா கண்ணாடிய வாங்கிகினாரு பாரு!"

மொட்டைத் தலையோடு வந்து எட்டிப் பார்த்த சித்தப்பா, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சொந்த அப்பா கண்ணெதிரே காலை உதைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது, இவ்வளவு பெரிய ஆள் எதற்கு இப்படி அழவேண்டும் என்று எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.