தவளைத் தோலும் நாலாவது கிண்ணமும்

எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஏரிக்கு மேல்புறம் இருந்த ஒரு பழைய பங்களாவில் சின்னதாக ஓர் ஆராய்ச்சி லேப் நடந்துகொண்டிருந்தது. அங்கே கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை எனக்கு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. அதனால்தானோ என்னவோ, வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்ன அந்த ஒரு நாள் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது.

அங்கே செய்த ஆராய்ச்சி என்னவென்று கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். தோலைக் கறுப்பாக்கும் மருந்து! நாயுடுபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் தெரியாமல் சொல்லிவிட்டேன். "ஏம்புள்ள, நாமளே மூஞ்சிக்குப் பவுடர் அப்பி மாளல. அங்கன கறுப்பாக்க மருந்து கண்டுபிடிக்கிறாகளா? உன்னைய ஒரு தடவ நல்லாப் பாக்கச் சொல்லு. மருந்தே வேணாம்னு கடையக் கட்டிருவாக!" என்று தெருவையே சிரிக்க வைத்துவிட்டார். நான் நல்ல கறுப்பு. தோட்டத்திலும் அதற்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாலும் அன்றைக்குக் கொஞ்சம் வலித்தது.

மறுநாள் லேப்பில் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டு வாங்கியவர் ஆராய்ச்சி மாணவி. மதுரைப் பக்கத்துப் பெண். என்னைவிடச் சின்னவர். நான் அவரை 'மிஸ்' என்பேன், அவர் என்னை 'அக்கா' என்பார். கழுவிக்கொண்டிருந்த குழாயை மூடச் சொல்லிவிட்டு எனக்கு விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதிலிருந்து வரும் ஒரு சத்து தோலில் இருக்கும் கறுப்பைப் பரவச் செய்யுமாம். அந்தச் சத்து பதின்மூன்று மணிகள் கோத்த மாலை மாதிரி. அதில் இரண்டு மணிகளை மட்டும் மாற்றி, மெட்ராஸில் மாதக்கணக்காக உட்கார்ந்து தானே கோத்து எடுத்து வந்திருப்பதாகச் சொல்லி ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். அடியில் சிட்டிகை விபூதிபோல் வெள்ளைப் பொடி.

"கறுப்புங்கிறது வெயிலுக்குக் குடைக்கா. வெள்ளைத் தோல்காரங்க வெயில்ல வெந்து, தோல்ல புத்துநோய் வந்து கெடக்காங்க. அந்தக் குடைய அவங்களுக்கும் குடுக்க முடியுமான்னு பாக்குறோம். உங்களுக்கு அதைப் பொறக்கும்போதே குடுத்தாச்சு" என்றார்.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு அக்கா எத்தனை தடவை கிண்டல் செய்தாலும் எனக்கு உறைக்கவில்லை.

மருந்தைச் சோதிப்பது தவளைத் தோலில். இரண்டு வளையங்களுக்கு நடுவே, பூவேலை செய்கிற பெண்கள் துணியை இழுத்து மாட்டுவதுபோல, தோலை மாட்டி உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவார்கள். மருந்து விட்டால் வெளிறிய தோல் கண் முன்னாலேயே கறுத்துக்கொண்டு வரும். தவளையை அறுப்பதை மட்டும் நான் பார்க்க மாட்டேன். அந்த நேரம் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

தவளைகளைப் பராமரித்தவர் ஒரு பழனிக்காரர். அண்ணன் என்று கூப்பிடுவேன். தவளை இருட்டில் கிடந்தால் தானாகவே கறுத்துவிடும் என்பதால், வெள்ளைத் தொட்டியில் விளக்குப் போட்டு வைத்திருப்பார். காலையில் வெள்ளனே வந்து தொட்டியைத் தட்டி, "ஏலே, வெள்ளையா இருங்கலே. மிஸ்ஸுக்கு இன்னைக்குச் சோலி கெடக்கு" என்று அதட்டுவார். தவளைகளும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்.

தோல் எவ்வளவு கறுத்தது என்று அளக்க ஒரு மெஷின் இருந்தது. அந்த வருஷ மழையில், பங்களாவுக்குள்ளேயே புகுந்துவிடும் பனிமூட்டத்தில், அது கெட்டுப்போனது. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். லேப்பின் தலைவர், நாங்கள் 'சார்' என்று கூப்பிடுபவர், காத்திருக்கவில்லை. ஊரில் இருந்த போட்டோ ஸ்டூடியோவில் சொல்லி, வெள்ளையில் தொடங்கிக் கன்னங்கரேல் என்று முடிகிற மாதிரி ஓர் அட்டைப் பட்டை அச்சடித்து வாங்கினார். ஒன்றிலிருந்து பத்து வரை எண். தோலுக்குப் பக்கத்தில் பட்டையைப் பிடித்து, எந்த எண்ணோடு ஒத்துப்போகிறது என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஒருவர் நான்தான் என்று சார் சொன்னபோது, கழுவி வைத்த குவளையையே எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தேன்.

"எந்தக் கிண்ணத்துல என்ன மருந்துன்னு தெரிஞ்ச கண்ணு, ஆசைப்பட்டதைத்தான்மா பாக்கும். தெரியாத கண்ணுதான் எனக்கு வேணும்" என்றார் சார். கண்புரை விழுந்திருந்த அண்ணனால் இதைச் செய்ய முடியாது. அதை மறைக்க அவர், "ஒண்ணும் தெரியாதுங்கிறதுக்காக ஒரு வேலைக்கு ஆள் எடுத்தது உலகத்துலயே உன்னையத்தான் தங்கச்சி" என்று ஓட்டினார்.

நடைமுறை இதுதான். கிண்ணத்துக்கு அடியில் சார் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். சாதாரண மருந்து என்றால் நீல மையில் கோடு, மிஸ் கோத்த மருந்து என்றால் சிவப்புக் கோடு. கதவைச் சாத்திக்கொண்டு தானே கிண்ணங்களை இடம் மாற்றி வைப்பார். தோலில் இருக்கும் புள்ளிகளை வைத்து அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று, நாலணாக் காசு அளவு ஓட்டை போட்ட கறுப்புக் காகிதத்தை ஒவ்வொன்றின் மேலும் மூடுவார். பிறகு என்னைக் கூப்பிடுவார். நான் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணைச் சொல்வேன். சார் சிலேட்டில் எழுதிக்கொள்வார். முடிந்ததும் கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்ப்பார்.

சொல்லவந்த நாளுக்கு வருகிறேன். அன்று நடந்தது கடைசிச் சோதனை. இரண்டு மருந்துமே தோலைக் கறுப்பாக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மிஸ் கண்டுபிடிக்க வேண்டியது வேறு. மருந்தைக் கழுவி எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சாதாரண மருந்துபட்ட தோல் மெல்ல மெல்லப் பழையபடி வெளுத்துவிடும். மணி மாற்றிக் கோத்த மருந்துபட்ட தோல் கறுப்பாகவே நிற்குமா? நின்றால் அவருடைய ஆராய்ச்சி ஜெயித்தது, உதவித்தொகை இன்னும் ஒரு வருஷம் நீளும். நிற்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டியதுதான். குப்பியில் இருந்த பொடியும் அன்றோடு தீர்ந்தது.

மொத்தம் எட்டுக் கிண்ணம். நாலு நீலம், நாலு சிவப்பு. எல்லாம் நன்றாகக் கறுத்தன. உப்புத் தண்ணீரை மாற்றி மாற்றி மருந்தைக் கழுவினார்கள். கிண்ணங்களை இடம் மாற்ற வேண்டிய நேரத்தில் சாருக்கு மெட்ராஸிலிருந்து போன் வந்தது. வெளியூரிலிருந்து வரும் டிரங்க் காலை விட்டால் லைன் மறுபடி கிடைக்காது. "நீயே மாத்தி வச்சிரும்மா" என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

கொஞ்ச நேரம் கழித்து, போன் பேசி முடித்து வந்த சார் என்னைக் கூப்பிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போகும்போது வாசலில் மிஸ் நின்றார். உதடெல்லாம் காய்ந்துபோய், ராத்திரி தூங்காத கண்ணோடு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஜன்னல் ஓரத்து நாலுதான்" என்றார். அவர் கோத்த மருந்துபட்ட நாலும் அங்கேதான் இருக்கின்றன என்று அர்த்தம். வேறொன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லச் சொல்லவும் இல்லை. மனசு தாங்காமல் வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜன்னல் ஓரத்தில் நாலு கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. பட்டையை எடுத்து முதல் கிண்ணத்தில் பிடித்தேன். கறுப்பாகத் தெரிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலாவதும் கறுப்பாகவே தெரிந்தது. எனக்கு அத்தனை சந்தோஷம். எட்டு என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. மற்ற நாட்களில் எண் சட்டென்று வந்துவிடும், சந்தோஷமோ வருத்தமோ இருக்காது. இன்றைக்கு எனக்கு ஏன் சந்தோஷம்? கறுப்பைக் கண் பார்க்கிறதா, வாசலில் நின்ற அந்த முகம் பார்க்கிறதா? கண்ணை மூடித் திறந்தேன். பட்டையை எட்டிலிருந்து ஆறுக்கு நகர்த்தினேன். அதுவும் பொருந்துகிற மாதிரித்தான் இருந்தது. எதைப் பிடித்தாலும் பொருந்தியது.

"சொல்லும்மா" என்றார் சார், சிலேட்டும் கையுமாக.

பார்க்க மாட்டேன் என்று சொன்னால் சோதனை வீணாகிவிடலாம். தோல் ரொம்ப நேரம் தாங்காது. பொடியும் இல்லை. காரணம் கேட்டால் மிஸ் மாட்டிக்கொள்வார். பேசாமல் எட்டு, எட்டு, எட்டு, எட்டு என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. யாருக்கும் தெரியவும் போவதில்லை.

பட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "சார், இன்னைக்கு என் கண்ணு செல்லாதுங்க" என்றேன்.

சார் என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் சுவரோடு ஒட்டி நின்றிருந்த மிஸ்ஸைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எல்லாரும் வெளியில போங்க. வெரசாப் போங்க, நேரமில்ல" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கேட் வரைக்கும் போய் நின்றேன். மூட்டம் ஏரியை மூடியிருந்தது. அண்ணன் பின்னாலேயே வந்து, "என்ன தங்கச்சி, கண்ணுல தூசியா?" என்றார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குப் புரை, உனக்குத் தூசி. இனி என் தவளைதான் வந்து தோலைப் பாத்துச் சொல்லணும்" என்றார். அழுகை வருகிற நேரத்தில் சிரித்துவிட்டேன்.

மறுபடி கூப்பிட்டபோது கிண்ணங்கள் எல்லாம் நடு மேஜையில் வட்டமாக இருந்தன. காகிதங்களும் மாறியிருந்தன. ஜன்னல் ஓரம் காலி. எனக்கு எதுவும் தெரியாது என்பதே அத்தனை ஆறுதலாக இருந்தது. மேலே எரிந்த விளக்கின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று. எட்டு. இரண்டு. எண்கள் பழையபடி சட்டென்று வந்தன. ஒன்றில் கொஞ்சம் நின்று பார்த்து மூன்று என்றேன். சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாதபடி வைத்துக்கொள்வார் அவர்.

சார் ஒவ்வொரு கிண்ணமாகத் தூக்கி அடியைப் பார்த்தார். நீலம், வெளுத்திருந்தது. சிவப்பு, கறுப்பு. நீலம், வெளுப்பு. நாலு நீலமும் வெளுத்துப்போயிருந்தன. சிவப்பில் மூன்று, மருந்து போட்ட நேரத்தில் இருந்ததுபோலவே கறுப்பாக நின்றன. நாலாவது சிவப்பு மட்டும் வெளுத்திருந்தது. நான் நின்று பார்த்து மூன்று என்று சொன்னது அதைத்தான்.

"இது ஒண்ணு மட்டும் ஏன்னு தெரியலையேம்மா. திரும்ப ஒரு தடவ பாக்குறியா?" என்று என்னிடம் சார் கேட்டார்.

சோதித்துப் பார்க்கத்தான் கேட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதெல்லாம் யோசிக்கவில்லை. பட்டையை மறுபடி பிடித்துப் பார்த்தேன். "வெளுத்துத்தாங்க இருக்கு. மூணுதான்" என்றேன்.

சார் தலையை ஆட்டிவிட்டு, மிஸ் பக்கம் திரும்பி, "மூணு நின்னுருச்சு, ஒண்ணு நிக்கல. அப்படியே எழுது. இது போதும்" என்றார். மிஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது சந்தோஷ அழுகை மட்டும் இல்லை என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

சாயங்காலம் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது மிஸ் பின்கட்டுக்கு வந்தார். துணி ஒன்றை எடுத்து நான் கழுவி வைத்ததைத் துடைக்க ஆரம்பித்தார். ஐந்தாறு கிண்ணம் துடைத்து அடுக்கினார். பிறகு, "அந்த நாலாவது... மொதத் தடவ பாக்கும்போது எப்படித் தெரிஞ்சுச்சுக்கா?" என்று கேட்டார்.

"கறுப்பாத்தான் மிஸ் தெரிஞ்சுச்சு" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். "நீங்க நாலும் எட்டுன்னு சொல்லியிருந்தா நானும் நம்பியிருப்பேன். காலம்பூரா அது உண்மைன்னு நெனச்சுக்கிட்டே இருந்திருப்பேன்" என்றார். உதவித்தொகை நீண்டது. அடுத்த வருஷம் புதிதாகப் பொடி செய்து கொண்டுவந்து மறுபடியும் சோதித்தார். அந்தத் தடவை சார் கிண்ணங்களை இடம் மாற்றும்போது, அவர் சொல்லாமலேயே மிஸ் வெளியில் வந்து என்னோடு கேட்டில் நின்றுகொண்டார்.

மெஷினுக்குப் பாகம் வந்து சேர்ந்தபோது என் வேலை முடிந்தது என்று நினைத்து ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டேன். சார் அதைத் திரும்ப எடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். "அதுவும் பாக்கட்டும், நீயும் பாரு" என்றார். இரண்டும் ஒத்துப்போன நாட்களில் அண்ணன் மெஷினைத் தட்டிக்கொடுத்து, "பரவால்லயே, தங்கச்சி அளவுக்குத் தேறிருச்சு" என்பார்.

இப்போது அந்த லேப் அங்கே இல்லை. மிஸ் வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. நான் அறுபதைத் தாண்டிவிட்டேன். வேறு இடத்தில் வேலை, அதே கூச்சம். ஆனால் ஒருவரைப் பற்றி யாராவது என் காதில் ஒன்றைச் சொல்லி, அதற்கப்புறம் அந்த ஆள் அப்படியே தெரிய ஆரம்பிக்கும்போது, நான் கேட் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்து மறுபடி ஒரு தடவை பார்க்கிறேன். எட்டாவது படித்த இந்தக் கறுப்பியின் கண்ணை நம்பி ஒரு காலத்தில் ஓர் ஆராய்ச்சியே நடந்தது என்று நினைக்கும்போதெல்லாம் தலை கொஞ்சம் நிமிர்கிறது. அப்படி நிமிர்வது, கறுத்து நின்ற அந்த மூன்று கிண்ணங்களுக்காக என்பதைவிட, வெளுத்ததை வெளுத்தது என்றே நான் இரண்டு தடவை சொன்ன அந்த நாலாவது கிண்ணத்துக்காகத்தான்.