ஐம்பதாவது நகர்த்தல்

நேற்று மத்தியானம் போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தேன். எனக்கு ராணியும் ஒரு சிப்பாயும். எதிரிக்கு ராணி மட்டும். சிப்பாயைக் கரையேற விடாமல் அவன் செக், செக் என்று துரத்த, நான் ராஜாவை இழுத்துக்கொண்டு ஓட, திடீரென்று போன் தானாகவே ‘டிரா’ என்று முடித்துவிட்டது. சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் ஆளுக்கு ஐம்பது முறை ஆடிவிட்டால் அதுதான் விதி. எனக்குத் தெரியாததா? ஆனாலும் போனை எப்படி நம்புவது? பின்னால் போய் எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. கடைக்காரர் எடை போட்ட பிறகும் பையைத் தூக்கிப் பார்க்கிற புத்தி எனக்கு.

எண்ணுவது என்றாலே மாரியக்கா ஞாபகம்தான். சிவகாசியில் வெடி லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் நான் புரூஃப் பார்த்தேன். மெஷின் ஓட்டிய காதர் பாய், மை வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் அடிக்கும் கையால் சாப்பாட்டு நேரத்தில் செஸ் போர்டை விரிப்பார். அச்சான தாள்களை எண்ணுகிறவர் மாரியக்கா. ஐந்தைந்தாகத் தள்ளுவார், ஒன்றுகூடப் பிசகாது.

ஒரு வருடம் மாவட்டப் போட்டிக்குப் பிரஸ்ஸிலிருந்து ஒருவர்தான் போகலாம் என்றார்கள். எனக்கும் பாய்க்கும் ஆட்டம். டிரா ஆனால் போன வருடம் போன பாயே போவார். நானோ, நான்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லியே விட்டேன். கடைசியில் இதே கதைதான்: என்னிடம் ராணியும் சிப்பாயும், அவரிடம் ராணி. ஐம்பதை யார் எண்ணுவது? பாயை நான் நம்பவில்லை. செஸ்ஸே தெரியாத மாரியக்காவை உட்கார வைத்தோம்.

சிப்பாய் கரைசேர இரண்டே கட்டம். அக்கா எழுந்துவிட்டார். “அம்பது ஆயிருச்சு தம்பிகளா. எந்திரிங்க, லோடு ஏத்தணும்.”

எனக்குச் சுருக்கென்றது. பாய்க்கும் அக்காவுக்கும் ஆமத்தூர், ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். “உக்காருலே, இன்னும் ஆடலாம்” என்றார் பாய். நக்கல் வேறா என்று, ஆட்டம் எழுதிய தாளைப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. சீசன் முடிந்ததும் வேறு பிரஸ்ஸுக்கு மாறிவிட்டேன்.

அந்தத் தாளையும் நேற்று தேடி எடுத்து எண்ணினேன். சிப்பாய் கடைசியாக நகர்ந்த பிறகு நான் இருபத்தைந்து, பாய் இருபத்தைந்து. இரண்டு பக்கமும் அச்சான தாளை இரண்டாகக் கணக்குப் போடுவது பிரஸ் வழக்கம். அக்கா என் ஆட்டத்தை ஒன்று, பாய் ஆட்டத்தை ஒன்று என்று எண்ணியிருக்கிறார். ஆளுக்கு ஐம்பது என்று நாங்கள் சொல்லவே இல்லை. வெட்கமாக இருந்தது.

இன்று காலை ஆமத்தூருக்கு பஸ் ஏறினேன். பாய் என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். சர்க்கரை கண்ணைக் கொண்டுபோய்விட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கு அப்பவே தெரியும்லே. அதான் ஆடலாம்னேன்.”

“பாதிதான் ஆச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல பாய்?”

“நீ எங்கலே நின்னே?”

மாரியக்கா போய்ச் சேர்ந்துவிட்டாராம். தாளை இப்போது மெஷின் எண்ணுகிறது. போர்டு இருக்கிறதா என்று கேட்டேன். பேரன்கள் காய்களைத் தொலைத்துவிட்டார்கள். கிளம்பும்போது பாய், “ஆடியிருந்தா நீதாம்லே ஜெயிச்சிருப்பே” என்றார்.

பஸ்ஸில் போனை எடுத்தேன். அந்த ஆட்டத்தை அதில் அடுக்கினால், அவர் சொன்னது நிஜமா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அடுக்கவில்லை.