வறட்சிப் படத்தில் ஒரு பச்சைப் புள்ளி

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. தெருவில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவள் ‘வறட்சி அக்கா’. வறட்சிக் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்? யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், “வாங்க வறட்சி, வாங்க வாங்க” என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். முதலில் கொஞ்சநாள் கோபப்பட்டாள். அப்புறம் பழகிவிட்டது.

போதாக்குறைக்கு வழியில் மறித்து, “அக்கா, மழை எப்ப வரும்?” என்பார்கள்.

“மழை மூணாவது மாடி. நான் ரெண்டாவது மாடி. வராம இருக்கறதைப் பாக்கறதுதான் என் வேலை” என்பாள்.

அதென்ன வேலை என்றால், செயற்கைக்கோள் ஒன்று ஐந்து நாளைக்கு ஒருமுறை அந்த ஊருக்கு மேலே போகும். நல்ல இலை வெயிலில் ஒருவகை ஒளியைத் திருப்பி அடிக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும். வாடிய இலைக்கு அந்தத் தெம்பு கிடையாது. அந்தக் கணக்கை வைத்து அவளுடைய கணினி நிலத்துக்கு வண்ணம் பூசும். செழிப்பு பச்சை, வாட்டம் மஞ்சள், காய்ந்து கருகியது சிவப்பு. அந்த வருடம் மஞ்சளைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் படம் முழுக்கச் சிவப்பு. ஊரிலேயே தண்ணீர் தாராளமாகச் சொட்டிய இடம் அவளுடைய அறையின் பழைய ஏசிதான். அதன் அடியில் வைத்த வாளிக்கு அலுவலகத்தில் தினமும் சண்டை நடந்தது.

வீட்டில் இதைவிடப் பெரிய கூத்து. புருஷன் குடிநீர் வாரியத்தில் குழாய் மேற்பார்வையாளர். ஏரியிலிருந்து ஊருக்கு வரும் பெரிய குழாயைப் பதித்ததில் அவருக்குப் பங்கு உண்டு. பங்கு என்றா சொன்னேன்? அவர் சொல்லிக் கேட்டால் ஏரியையே அவர்தான் வெட்டினார் என்று நினைத்துக்கொள்வீர்கள். கல்குவாரித் திருப்பத்தில் கடைசி இணைப்பை அவரே தன் கையால் முடுக்கினார். அன்றைக்குத்தான் திறப்பு விழா. ஸ்பேனரோடு அவர் நிற்கும் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டி, “ஒரு சொட்டு ஒழுகுமா கேளுங்க” என்பார். அதனால் தெரு அவருக்குச் ‘சொட்டுக்காரர்’ என்று பட்டம் கட்டிவிட்டது. அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார், பாவம்.

நாலு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். சொட்டுக்காரர் வீட்டுத் தண்ணீருக்குத் தானே காவல் நின்றார். காய் கழுவினால் எட்டிப் பார்ப்பார். குளியலறைக் கதவைத் தட்டி, “போதும், போதும்” என்பார். அவருடைய அம்மாவே ஒருநாள், “உன்னைப் பெத்ததுக்கு நான் குளிக்கக்கூட வழியில்லையாடா?” என்று கத்திவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் புள்ளி அவள் கண்ணில் பட்டது. ஊருக்கு வெளியே, செக்கச் செவேலென்ற பொட்டலின் நடுவில் ஒரு பச்சை. சின்னதுதான். ஆனால் அப்படி ஒரு பச்சையை அவள் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பிரிவுத் தலைவர் பின்னால் வந்து நின்றார்.

“இதென்னம்மா, திருஷ்டிப் பொட்டு மாதிரி? நிவாரணம் கேட்டு மேல அனுப்பற படம் இது. முழுக்கச் செவப்பா இருந்தாத்தான் அவங்க மனசு இளகும். அழிச்சிடு. மேகம் மறைச்சிடுச்சுன்னு போட்டுடு.”

“மேகமா? மேகம் இருந்தா நாம ஏன் சார் இங்க உக்காந்திருக்கோம்?”

“கேள்வி கேக்காதம்மா. திங்கக்கிழமை சாயங்காலம் படம் போயாகணும்.”

அவர் போனதும் பழைய படங்களை எடுத்துப் பார்த்தாள். ஊர் பச்சையாக இருந்தவரை இந்தப் பச்சை அதில் கலந்து கிடந்திருக்கிறது. சுற்றிலும் செத்த பிறகுதான் தனியாகத் தெரிகிறது. அப்புறம் ஏதோ தோன்றி, அதன்மேல் குடிநீர்க் குழாய் வரைபடத்தைப் பொருத்தினாள். பொருத்தியிருக்க வேண்டாம். நீலக்கோடு நேராகப் பச்சைக்குள் நுழைந்து வெளியே வந்தது. இடம் கல்குவாரித் திருப்பம்.

படத்தை அப்படியே அனுப்பினால் புருஷன் வேலைக்கு ஆபத்து. வேலைகூடப் போகட்டும், அந்த மனிதர் உயிரோடு இருப்பதே அந்த இணைப்பை நம்பித்தான். அழித்தால்? தெருப் பெண்கள் குடத்தோடு வெயிலில் நிற்பது தொடரும், கல்குவாரியில் தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அழிப்பது எவ்வளவு சுலபம் என்பதுதான் கொடுமை. தலைவரே உத்தரவு கொடுத்துவிட்டாரே! விரலை மௌஸ் மேல் வைத்தாள், எடுத்தாள். கணினியை அப்படியே அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

“என்னங்க, அந்தக் கல்குவாரி இணைப்பு நல்லாத்தானே இருக்கு?”

“நான் செத்தாலும் அது இருக்கும்.”

“அந்த இடத்துல பச்சையாத் தெரியுதுங்க.”

“எங்க தெரியுது?”

“எங்க படத்துல.”

“உங்க செயற்கைக்கோளுக்குப் போதை ஏறிடுச்சு. எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லு” என்றார். ஆனால் அடுத்த கவளம் உள்ளே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். வழியெல்லாம் புழுதி. திருப்பத்தில் வண்டியை நிறுத்தியதும் சொட்டுக்காரர் பேயறைந்தவர் மாதிரி நின்றுவிட்டார். ஆளுயர நாணல். கொக்குகள். தவளை வேறு கத்திக்கொண்டிருந்தது, என்ன கொழுப்பு அதற்கு! மொழுமொழுவென்று நாலைந்து ஆடுகள் மேய, ஓர் அம்மா கல்லில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“இது எத்தனை நாளா இருக்கும்மா?” என்று வறட்சி அக்காதான் கேட்டாள்.

“மூணு வருசமா. நல்ல ஊத்து. கொஞ்சம் மருந்து வாடை அடிக்கும், ஆடுங்க அதைச் சட்டை பண்ணாது.”

“ஊத்து! பாத்தியா? ஊத்துன்னு அவங்களே சொல்றாங்க” என்று சொட்டுக்காரர் துள்ளினார்.

“குடிச்சுப் பாருங்க” என்றாள் மனைவி.

தண்ணீர் கொப்பளித்து வந்த இடத்தில் குனிந்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டார். அவ்வளவுதான். ஏரியில் வடிகட்டி, மருந்து போட்டு, தினமும் அவரே ருசி பார்க்கும் குடிதண்ணீர். பேன்ட் நனைவதுகூடத் தெரியாமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அன்னிக்கு விழாவுக்கு ஆளுங்க வந்து காத்துக்கிட்டிருந்தாங்க” என்றார். “ரப்பர் வளையம் சரியா உக்காந்துச்சான்னு நான் பாக்கல. போட்டோ எடுக்கறவன் சிரிங்க சிரிங்கன்னான். முடுக்கிட்டேன்.”

அவள் கை கொடுத்து அவரைச் சேற்றிலிருந்து எழுப்பினாள்.

“என்னை மாட்டிவிடத்தான் கூட்டிட்டு வந்தியா?”

“மாட்டிவிடணும்னா படத்தை அனுப்பிட்டு வீட்ல தூங்கியிருப்பேன்.”

“படத்துல அதை அழிச்சிடேன்...” கேட்கும்போதே அவர் குரல் உள்ளே போய்விட்டது.

“அழிக்கலாம். மேகம்னு போட்டுடுன்னு எங்க சாரே சொல்லிட்டாரு. அழிச்சுட்டு, அப்புறம் அத்தை குளிக்கும்போது நீங்க கதவைத் தட்டினா நான் என்ன செய்யறது? சிரிக்கறதா, அழறதா?” என்றாள். அவளுக்கே கண் கலங்கிவிட்டது. “நீங்களே போய்ச் சொல்லுங்க. நாளைக்குச் சாயங்காலம்தான் படம் அனுப்பணும்.”

திங்கட்கிழமை காலையில் அவர் போய்ச் சொன்னார். சொல்வதற்கு முன்னால் வாரியத்தின் வாசலில் இரண்டு டீ குடித்தாராம். சாயங்காலம் பச்சைப் புள்ளியோடுதான் படம் போனது. பிரிவுத் தலைவர் ஒருவாரம் அவளோடு பேசவில்லை. அது ஒரு லாபம்.

குழியில் அவரே இறங்கினார். வளையம் மடிந்துபோய் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தது. புது வளையம் போட்டு, போட்டோகிராபர் இல்லாமல், போல்ட் போல்ட்டாக முடுக்கினார். அந்த வாரமே தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது. தெரு நன்றி சொன்னதா? அதெப்படிச் சொல்லும்? “அப்ப மூணு வருசம் எங்க தண்ணியை ஆடா குடிச்சுது?” என்று கேட்டது.

வாரியம் அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியது. விசாரணை அதிகாரி சட்டம் தெரிந்தவர். “இப்ப ஒழுகலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி? அந்த இடம் காயட்டும். படத்துல சிவப்பாக் காட்டுங்க, வேலைக்கு வாங்க” என்றுவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் செயற்கைக்கோள் பேச்சுத்தான். முதல் படத்தில் பச்சை அப்படியே இருந்தது. நாணல் லேசில் சாகாது. அடுத்த படத்தில் ஓரமெல்லாம் மஞ்சள். “இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்” என்று கையைப் பிசைந்தார், சொத்துள்ள பெரியப்பா படுக்கையில் கிடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. ஒருநாள் நேரிலேயே பார்க்கப் போய், ஆடு மேய்க்கும் அம்மாவிடம் காது கொள்ளாமல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் விடிந்தால் செயற்கைக்கோள் வரும். அதற்கு முந்தின மத்தியானம் வானம் இருட்டியது. முதலில் காற்று, அப்புறம் மண்வாசனை, அப்புறம் கொட்டு கொட்டென்று கொட்டியது. ஊரே தெருவுக்கு ஓடி வந்தது. குடம், வாளி, குழந்தையின் குளியல் தொட்டி எல்லாம் வாசலுக்கு வந்தன. அத்தை மழையில் நின்றபடியே தலைக்குக் குளித்தாள். நடுத்தெருவில் ஒரே ஒரு மனிதர் முஷ்டியை ஓங்கி வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வருசம் வராம இருந்தியே, இன்னும் ஒருநாள் பொறுக்கக் கூடாதா? ஒரே ஒருநாள்!”

“இவருக்கு என்ன ஆச்சு?” என்று பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய்க் கேட்டாள். வறட்சி அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

மழை விட்டு ஊர் முழுக்கப் பச்சையான பிறகு எந்தப் பச்சை எதனால் வந்தது என்று யார் சொல்வது? வாரியத்துக்குப் போன சொட்டுக்காரர் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

“வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.”

“நல்லதுதானே! அதுக்கு ஏன் இப்படி மூஞ்சி?”

“விசாரணையை ஒத்திவச்சிருக்காங்க. அடுத்த வறட்சி வரைக்கும்.” நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “அதுவரைக்கும் நான் இந்தத் தடவை ஒழுங்கா முடுக்கினேனா இல்லையான்னு ஒருத்தனும் நம்பமாட்டான்.”

“நான் நம்பறேன்.”

“நீ நம்பி என்ன பிரயோஜனம்? படம் வேணும்கறாங்களே!”

அவள் அவர் தலையைக் கோதிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் வந்ததே இல்லை.

“கவலைப்படாதீங்க. வறட்சி எங்க போயிடப் போகுது? வந்ததும் முதல் படம் உங்களுக்குத்தான்” என்றாள்.