சிவப்பு வண்டியும் கறுப்பு வண்டியும்

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற எங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயில் ஓடவில்லை. அரை அங்குலப் பனி விழுந்திருந்தது. நடைமேடையில் நின்ற நாங்கள் எல்லோரும் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதும் கைபேசியைப் பார்ப்பதுமாக நின்றோம். ஒருவரும் சத்தம் போடவில்லை. நான் என் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பதின்மூன்று பக்கத்தில் ஓர் ஒப்பீடு இருந்தது: ஆள் உயரப் பனிக்குள் ஓடுவதற்கு ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டிகள் இரண்டில் எது சிறந்தது என்று. ஆள் உயரப் பனியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அரை அங்குலப் பனியால் ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன். அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. ரயில் பிந்தியது என்றால், இந்த ஊரில் துக்கம் விசாரிப்பது போலத்தான் தலையாட்டுவார்கள்.

எங்கள் அலுவலகம் ஆர்ச்வேயில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. மொத்தம் ஏழு பேர். கனடாவின் மேற்கு மலைகளுக்கு ஆங்கிலேயர்களை அழைத்துப்போய், ஒரு வாரம் ஸ்னோமொபைல் ஓட விட்டுத் திருப்பி அழைத்து வருவது தொழில். அங்கே ஒரு மரவிடுதியும் எட்டு வண்டிகளும் உண்டு. நான் பயண ஒழுங்குகளைப் பார்ப்பவள். வாடிக்கையாளர் எழுதும் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவதும் நான்தான். பத்து வருடமாக அந்த மலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேனே தவிர, அதைப் பார்த்ததில்லை. மன்னாரில் பிறந்தவள் பனியைப் பற்றி எழுதுவதில் எனக்கு வியப்பு இருக்கவில்லை. இங்கே எங்கள் ஆட்களில் பலர், தாங்கள் காணாத ஒன்றைக் கணினியில் பார்த்துத்தான் பிழைக்கிறோம்.

பழைய எட்டு வண்டிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. போட்டிக்கு இரண்டு கம்பெனிகள். அவற்றின் நிறத்தை வைத்து நாங்கள் ஒன்றைச் சிவப்பு என்றும் மற்றதைக் கறுப்பு என்றும் சொல்லத் தொடங்கினோம். சிவப்பு பாரம் குறைந்தது. முன்னால் இருக்கும் இரண்டு சறுக்குக் கட்டைகளும் நெருங்கி இருக்கும். உடம்பைக் கொஞ்சம் சரித்தால் வண்டியும் சரிந்து, மலைச்சரிவில் பக்கவாட்டாகப் போகும். கறுப்பு கனமானது, நீளமானது. அடியில் ஓடும் றப்பர்ப் பட்டி நீளமாக இருப்பதால் பனியின் மேல் மிதந்துபோகும், இலகுவில் தாழாது. ஆனால் திருப்புவது கஷ்டம். மலையில் எங்களுக்கு வழிகாட்டியாக இருக்கும் டாரல் என்பவர் சிவப்புத்தான் வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். முதலாளி ஹியூவுக்கும் அதே எண்ணம். கூட்டத்தில் நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன்.

"தாழ்ந்தால் யார் இழுப்பது?"

ஹியூ அதைக் காப்புறுதி பற்றிய கேள்வியாக விளங்கிக்கொண்டு, பழுதுபட்ட வண்டியை மலையிலிருந்து இறக்குவதற்கு ஏற்பாடு உண்டு என்று விளக்கினார். நான் கேட்டது அதுவல்ல. என்னிடம் வந்த முறைப்பாடுகளில் பாதி, உடம்பு சிறுத்த பெண்கள் எழுதியவை. வண்டி புதைந்துவிட்டது, தூக்க முடியவில்லை, யாராவது வரும்வரை தனியாக நின்றேன் என்று. நான் அதைச் சொன்னதும் ஹியூ பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "நீங்கள் ஒரு தடவை அங்கே வந்து நேரில் பார்க்கத்தான் வேண்டும், மெற்றில்டா."

இது ஆங்கிலேயர் பேச்சு முடிக்கும் விதம். ஒரு தடவை வீட்டுக்கு வாருங்கள் என்பதும் அப்படித்தான்; யாரும் போவதில்லை. இருபத்தாறு வருடம் இருந்தும் எனக்கு அது அந்த நேரத்தில் பிடிபடவில்லை. மறுநாள் காலை அவருடைய மேசைக்குப் போய், எந்தக் கிழமை வரட்டும் என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. மறுக்கும் அளவுக்கு மரியாதையற்ற மனிதர் அல்ல. மாசி மாதம் இரண்டாம் வாரம் என்று முடிவாயிற்று.

வீட்டில் என் கணவர் ஜெறாட் இடியப்பத்துக்குச் சொதி விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உமக்கென்ன விசரே? ஐம்பத்திரண்டு வயசில மலையில மோட்டசைக்கிள் ஓடப் போறீரோ?"

"மோட்டசைக்கிள் இல்லையப்பா. அதுக்குச் சில்லே இல்லை."

"சில்லு இல்லாட்டி ஓடாது. அப்ப பயமில்லை, போயிட்டு வாரும்."

டாரல் என்னை விமான நிலையத்தில் கண்டதும் மேலும் கீழுமாகப் பார்த்தார். ஐம்பது கிலோ இருக்குமா என்று கேட்டார். நாற்பத்தொன்பது என்றேன். ஒப்பீடு எழுதுகிறவர்கள் எல்லோரும் தன்னைப் போல நூறு கிலோ ஆட்கள் என்றும், என் பாரத்தில் இந்த வண்டிகளைச் சோதித்த யாரையும் தான் அறியவில்லை என்றும் சொன்னார். அவரும் ஹியூவைப் போலச் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையாகத்தான் சொல்லியிருந்தார். அடுத்த நாள் காலை, கம்பெனிகள் சோதிக்கக் கொடுத்திருந்த சிவப்பையும் கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

அந்தப் பனி நான் லண்டனில் கண்ட பனியே இல்லை. கையில் அள்ளினால் ஒட்டாது, உருண்டையாகாது, கோதுமை மாவைப் போல விரலிடுக்கால் வழிந்து போகும். முதல் நாள் சிவப்பில் ஏறினேன். நின்றுகொண்டே ஓட வேண்டும். வலதுகைப் பெருவிரலால் வேகத்தைக் கூட்ட வேண்டும். இடப்பக்கம் போக வேண்டுமானால் கைப்பிடியை வலப்பக்கம் திருப்பி, வண்டியை இடப்பக்கம் இழுத்துச் சரிக்க வேண்டும். நான் நினைக்க முன்னமே வண்டி சரிந்தது, என்னைத் தூக்கிப் போட்டது. அன்றைக்குப் பதினொரு தடவை விழுந்தேன். இரண்டாம் நாள் கறுப்பு. அது என்னைப் பொருட்படுத்தவே இல்லை. தன் பாட்டில் நேராகப் போயிற்று. திருப்ப முழு உடம்பையும் தொங்கவிட வேண்டியிருந்தது, ஆனால் விழவில்லை. ஒரு தடவை மட்டும் வேகத்தைக் குறைத்துவிட்டேன். பின்பக்கம் தாழ்ந்து, வண்டி கிணற்றுக்குள் இறங்கியது போல நின்றது. டாரலும் நானும் முக்கால் மணித்தியாலம் கிண்டினோம்.

கிண்டி முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது அவர் சொன்னார். ஆழமான பனியில் ஒருபோதும் நிறுத்தாதே. முன்னால் உன் சிநேகிதியின் வண்டி புதைந்து கிடந்து அவள் கை காட்டினாலும் நிறுத்தாதே. நிறுத்தினால் இரண்டு வண்டியும் புதையும். அவளைத் தாண்டிப் போய், இறுகின நிலம் கண்டு அங்கே நிறுத்து.

"பிறகு?" என்றேன்.

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. "பிறகு என்ன? நடந்து திரும்பி வருவாய்."

எனக்கு அந்தப் பாதி விதி முன்பே தெரியும். இருபத்திரண்டு வயதில், வன்னியில், சண்டையால் நாங்கள் இடம்பெயர்ந்து போன மாரிகாலத்தில், அப்பாவின் இரண்டு சில்லு உழவு மெசினை, அந்தச் சின்ன டிராக்டரை, நான்தான் ஓட்டினேன். அப்பாவின் கால் அப்போது காயம். பின்னால் கொழுவிய பெட்டியில் அப்பா, அம்மா, அக்கா, அயலாட்கள் என்று பதினான்கு பேர். றோட்டு என்று ஒன்று இருக்கவில்லை, முழங்கால் சேறுதான். "வேகத்தைக் குறையாதை பிள்ளை, நிப்பாட்டினா தாழும், நிப்பாட்டாதை" என்று அப்பா பெட்டிக்குள் இருந்து கத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில், இடப்பக்கம், ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். காலில் செருப்பில்லை. மெசினைக் கண்டதும் கையை உயர்த்தினாள். பெட்டியில் இன்னும் ஒருவர் இருக்க இடம் இருந்தது. இரண்டு பேர் என்றாலும் நெருக்கி ஏற்றியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. அரை மைல் தாண்டி இறுகின மண் வந்தது. அங்கே மெசின் சூடாறட்டும் என்று நிறுத்தினோம். பத்து நிமிடமாவது நின்றிருப்போம். திரும்பி நடந்து போகலாம் என்ற நினைப்பு எனக்கு அன்று வரவில்லை. வந்து, நான் அதை அமுக்கினேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

டாரல் குடித்து முடித்திருந்தார். தேத்தண்ணீர்க் குவளையை வாங்கிக் கழுவி வைத்தேன்.

நான்காம் நாள் லண்டனிலிருந்து வந்த விருந்தினர் நால்வரோடு என்னையும் அனுப்பினார்கள். அவர்களில் லிண்டா என்று ஒருவர், ஓய்வுபெற்ற பல்வைத்தியர், என்னைவிட ஒரு சாண் உயரம். அவருக்குச் சிவப்பு, எனக்குக் கறுப்பு. டாரல் முன்னால் போக, நான் கடைசி. மரங்களுக்கு நடுவே ஓர் இறக்கத்தில் திரும்பியபோது, லிண்டாவின் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து பாதி மறைந்து கிடந்தது. அவர் நெஞ்சளவு பனிக்குள் நின்று ஒரு கையை உயர்த்தினார்.

நான் பெருவிரலைத் தளர்த்தவில்லை. அவருடைய முகம் எனக்கு ஐந்தடி தூரத்தில் போயிற்று. வாய் திறந்திருந்தது. எஞ்சின் இரைச்சலில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இறக்கம் முடிந்து ஒரு மேட்டில், காற்று அடித்து இறுகியிருந்த இடத்தில் நிறுத்தினேன். இரண்டு கால்பந்து மைதான நீளம் வந்திருப்பேன். வானொலிக் கருவியில் டாரலுக்குச் சொன்னேன். தான் சுற்றிக்கொண்டு வர அரை மணித்தியாலம் ஆகும், சரிவு இல்லாத பக்கமாக நடந்து போ என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு வரை இறங்கியது. காலை இழுத்து எடுத்தால் மற்றக் கால் இறங்கியது. சேற்றில் நடப்பதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணினேன். சத்தமே இல்லை. என் மூச்சு மட்டும் தலைக்கவசத்துக்குள் பெரிதாகக் கேட்டது. நான் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. களைத்துத்தான் போயிருந்தேன்.

என்னைக் கண்டதும் லிண்டா கோபத்தோடு சொன்னார். "நீங்கள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன்."

"வந்திட்டன்" என்றேன். தமிழில் சொன்னது பிறகுதான் தெரிந்தது. அவர் அதை ஏதோ மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று என் தோளைத் தட்டினார்.

வண்டியைச் சுற்றிக் கிண்டினோம். பனியை மிதித்து இறுக்கினோம். பிறகு இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கினோம். மூன்றாம் தடவையில் சிவப்பு நிமிர்ந்து நின்றது. கறுப்பாக இருந்திருந்தால் நான்கு பேர் வேண்டும். டாரல் வந்து சேர்ந்தபோது நாங்கள் வண்டியில் சாய்ந்து நின்று, லிண்டாவின் பேரப்பிள்ளையின் பல்லைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

லண்டனுக்கு வந்து என் பதின்மூன்று பக்கத்தையும் தூக்கி வைத்துவிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கறுப்பு இலகுவில் தாழாது; ஆனால் தாழ்ந்தால் தாழ்ந்ததுதான். சிவப்பு அடிக்கடி விழும். ஆனால் இரண்டு பேர் இருந்தால் எழுப்பலாம். ஆகவே தனியே ஓடுகிறவருக்குக் கறுப்பு, திரும்பி வர ஆள் உள்ளவருக்குச் சிவப்பு என்று முடித்திருந்தேன். ஹியூ வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இது வண்டியைப் பற்றிய அறிக்கையா, ஆட்களைப் பற்றியதா என்று கேட்டார். இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை என்றேன். ஐந்து கறுப்பும் மூன்று சிவப்பும் வாங்கினார்கள். விருந்தினர் இனிச் சோடி சோடியாகத்தான் ஓடவேண்டும், ஒருவர் தாழ்ந்தால் மற்றவர் நடந்து திரும்ப வேண்டும் என்று விதிமுறைத் தாளில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரி என்னுடையது.

வந்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அவள் மன்னாரிலேயே இருக்கிறாள். மலைப் படங்களைக் காட்டினேன். தலைக்கவசத்தோடு நின்ற எவரிலும் என்னை அடையாளம் காணாமல் சிரித்தாள். பிறகு கேட்டேன்.

"அக்கா, அண்டைக்கு அந்தச் சேத்து றோட்டில ஒரு பொம்பிளை கை காட்டினவ. இடுப்பில பிள்ளை. உனக்கு ஞாபகம் இருக்கே?"

"எந்தப் பொம்பிளை?"

"இடக்கைப் பக்கம். செருப்பில்லாமல் நிண்டவ. நான் நிப்பாட்டேல்லை."

அக்கா கையிலிருந்த ஓலை விசிறியைக் கீழே வைத்தாள்.

"நீ முன்னால பாத்துக்கொண்டு ஓடினனி. நான் பெட்டியில பின்பக்கம் பாத்தபடி இருந்தனான். கை காட்டினது ஒராள் இல்லையடி. அந்த றோட்டு முழுக்க நிண்டவை. எல்லாரையும் நான் பாத்தனான்." பிறகு சொன்னாள், "ஒராளை மட்டும் நினைச்சுக்கொண்டிருக்க உனக்கு ஏலுமாயிருக்கு."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. சந்தையில் மீன் விலை சொல்வது போலச் சொன்னாள். வெளியே பார்க்கிங் தெருவில் ஆலங்கட்டியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"சரி, அதை விடு," என்றாள் அக்கா. "நீ எப்ப வாறாய்?"

"வாறன்" என்றேன். எங்கள் ஊரில், வரப்போகிறவரும் அப்படித்தான் சொல்வார். எழும்பிப் போகிறவரும் அப்படித்தான் சொல்வார். அக்காவின் காதில் அது எதுவாக விழுந்ததோ தெரியவில்லை. தலையை ஆட்டினாள். அதற்குள் யாரோ வாசல் படலையில் கூப்பிட, கைபேசியைக் கிணற்றுக்கட்டில் சாத்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். திரை முழுவதும் வெயில் அடிக்கும் அவளுடைய முற்றம், கொடியில் காயும் சீலை, ஆளில்லாத கதிரை. மேல் மூலையில், கட்டைவிரல் நகமளவு சதுரத்துக்குள், கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு நான் அந்த முற்றத்தில் இருந்தேன்.